பாக்கியம் அக்காவுக்கு முள் குத்தவில்லை

ஒரே அடுப்படியில் என்னோடு புகை குடித்துக் கண் எரிந்த பாக்கியம் அக்காவுக்கு,

நம் பஜார் வியாபாரிகள் சங்கம் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறது. அதில் உங்கள் படத்தோடு நினைவஞ்சலி வர வேண்டும் என்று உங்கள் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "திடீரென்று எங்களை விட்டுப் பிரிந்த" என்று ஆரம்பித்திருந்தார். திடீரென்றா? எத்தனை வருடம் அந்த நோயோடு குடித்தனம் நடத்தினீர்கள்! படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "குடுங்க, நான் எழுதுறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

"நீ என்ன எழுதப்போற?" என்று கேட்டார். அக்காவிடம் பேச வேண்டியது இருக்கிறது என்றேன். ஏலக்காய் மூட்டை வந்து இறங்கிய நேரம். அதற்குமேல் கேட்காமல் கடைக்குப் போய்விட்டார்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவர் பாக்கியம் அக்கா, தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். நாங்களும் குழம்பில் புளி கூடிப்போனதற்காக வாரக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டு இருந்தவர்கள்தான். ஆனாலும் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி என்பது வீட்டு ஆண்கள் இருவரையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் இறந்தபோது, காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது என்றுதான் ஊருக்குச் சொன்னோம். முள்ளும் குத்தவில்லை, ஒன்றும் குத்தவில்லை.

அந்த நீல மருந்து நினைவிருக்கிறதா அக்கா? மதுரை டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றுக்கில் சில சொட்டு அதில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவீர்கள். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம்; அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. கதவுக்கு வெளியே காவல் நான். கலா வந்து, "அம்மா உள்ள என்ன செய்றாக சித்தி?" என்று கேட்டால், "கண்ணுக்கு மருந்து காய்ச்சுறாக" என்பேன். கண் மருந்தை எதற்குக் குளியலறையில் காய்ச்ச வேண்டும் என்று உங்கள் மகள் ஒருநாளும் கேட்டதில்லை. என்னை அவ்வளவு நம்பியது அந்தப் பிள்ளை.

தினமும் நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். போடி பஜாரில் ஒரு பொம்பளை வேலைவெட்டி இல்லாமல் நடந்துவிட முடியுமா? கடைக்குக் கடை, "எங்கக்கா கெளம்பிட்டீக?" என்று கேட்பார்கள். அதனால் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்ட பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். செக்குமாட்டுக்குக்கூட உங்களைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும். நாமும் சிரித்தோம். சிரித்தே காலத்தை ஓட்டினோம்.

பிறகு கலாவுக்குச் சின்னமனூரில் இடம் வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு என்ன ஆனாலும் சரி, அவ மடியில ஒரு பிள்ள தங்குற வரைக்கும் வாயத் தொறக்காதடி செண்பகம். சீக்குக்காரி மகள்னு ஒருத்தர் சொல்லிட்டாப் போதும், அவ பொழப்பு போச்சு." சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

நீங்கள் போன மறுவருடம் கலா முதல் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். தாய் இல்லாத பிள்ளை, நான்தானே பார்க்க வேண்டும்? அவள் கேட்டதையெல்லாம் செய்துபோட்டேன். அதிரசம், பணியாரம், பால்கோவா. பிள்ளை தலை நிறைய முடியோடு கொழுகொழுவென்று பெரிதாகப் பிறந்தது. அழவில்லை. கண்பட்டுவிட்டது என்றார்கள். நானும் அதையே சொல்லி அழுதேன்.

இப்போது சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது. கலா மறுபடி முழுகாமல் இருக்கிறாள் அக்கா. ஆறாவது மாதத்தில் அவள் மாமியார் அவளைத் தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்ட அழைத்து வந்தார். நானும் போடியிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். முதல் பிள்ளையின் கதையை விசாரித்த டாக்டர், "பொண்ணோட அம்மா பக்கத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார்.

"அவுக முள்ளு குத்தியில்ல எறந்தாக" என்று சம்பந்தியம்மாவே முந்திக்கொண்டு பதில் சொன்னார். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்ல யாருக்கும் அதெல்லாம் கெடையாது டாக்டர்" என்றேன்.

உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதுவும் பொய்யாகிவிடும். அந்த நேரத்தில் உங்கள் நினைவே எனக்கு வரவில்லை அக்கா. சம்பந்தியம்மா முன்னால் நம் வீடு தாழ்ந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. டாக்டர் சரி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் வரும்போது மற்ற பரிசோதனைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் சின்னமனூர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் கலா என்னிடம் வந்து, "நீங்க கூட வந்தீகள்ல சித்தி, இப்ப எனக்குப் பயமில்ல" என்றாள். நடு பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சின்னமனூருக்குப் போனேன். சம்பந்தியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீல மருந்திலிருந்து முள் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கீரையை ஆய்ந்துகொண்டேதான் கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருந்தா, வேணாம்னுதான் போயிருப்போம். அதுல பொய் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு கீரையைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்த அன்னைக்கு என்னையக் கட்டிப் பிடிச்சு அழுதீக. அப்பவும் இது ஒங்களுக்குத் தெரியுமா?"

தாய்க்கு இருந்த சர்க்கரை மகளுக்கும் வரும், அது வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. ஆனால் வாய் திறந்திருந்தால், தெரிந்த ஒருவர் சொல்லியிருப்பார் இல்லையா?

கதவோரம் நின்று கலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல சித்தி. வயிறு என்னுதுல்ல" என்றாள்.

அக்கா, நீங்களும் நானும் அவளுக்காகத்தான் மறைத்தோம். அவளிடமிருந்தே மறைத்தோம். இதில் எது அவளுக்காக?

அன்றைக்கே மூன்று பேரும் தேனிக்குப் போனோம். டாக்டர் என் கண் முன்னால்தான் அதே நீல மருந்தைக் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறத்துக்குப் போனது. டாக்டர் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது. ஊசி போடுகிறார்கள், சாப்பாட்டில் கட்டுப்பாடு. பிள்ளை அளவாக இருக்கிறது, பிரசவத்தை ஆஸ்பத்திரியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா கலாவை நம் வீட்டுக்கு அனுப்பவில்லை. "இங்கனயே இருக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். நியாயம்தானே? வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு, விருந்தாளி மாதிரி திரும்பி வருகிறேன்.

போன வாரம் போயிருந்தபோது மாமியாரும் மருமகளும் கடைத்தெருவில் நடந்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்த ஒரு பெண், "எங்க, ரெண்டு பேருமா?" என்று கேட்டார். "மருமகளுக்குச் சக்கர. டாக்டர் நடக்கச் சொன்னாக, நடக்குறோம்" என்றார் சம்பந்தியம்மா, கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி. அந்தப் பெண்ணும், "எங்க அண்ணனுக்குங்கூட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் அக்கா. வானம் இடிந்து விழவில்லை. நான் பின்னால் நடந்து வந்தேன். பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அதை உடைக்க இவ்வளவு காலம் ஆனதற்குத்தான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களிடமா, கலாவிடமா, பெயர்கூட வைக்காமல் புதைத்த அந்தப் பிள்ளையிடமா?

பழைய சத்தியத்துக்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன், ஊர் அறிய. பிறக்கப்போகும் உங்கள் பேரப்பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வரும்போது நான் இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்து, "ஒங்க அம்மாச்சிக்கு இந்த நோய் இருந்துச்சு, ஒங்க அம்மாவுக்கும் இருக்கு, நீயும் பாத்துக்க" என்று சொல்வேன். "ஏன் மறச்சீக?" என்று அது கேட்டால், வெட்கப்பட்டு மறைத்தோம் என்று அதையும் சொல்வேன்.

ஊருக்கு ஓரகத்தி, உங்களுக்கு என்றைக்கும் தங்கச்சி,
செண்பகம்