நம்ம சீரியல் முடிஞ்சிடுச்சு, பிலோ

என் செல்லத் தங்கச்சி பிலோவுக்கு,

நீ பாக்காம போன கடைசி பாகத்தைப் பேத்தி டிவியில போட்டுக் குடுத்தா. பாத்துட்டேன்டி. உனக்குச் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது.

நம்ம நீச்சல்காரப் பையன் அப்பன்கிட்ட எப்பதான் சொல்லுவான்னு கேட்டுக்கிட்டே இருந்தியே, சொல்லிட்டான். கார்ல போகும்போது, "நான் விரும்பறது பொண்ணை இல்லப்பா, அவனைத்தான்"னுட்டான். அப்பன் சட்டுனு வண்டிய ஓரமா நிறுத்திட்டான். நான் செருப்பைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் அந்த ஆளு மெதுவா, "அவனுக்கு மீன் பிடிக்குமா? ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு"ன்னான். செருப்பைக் கீழ போட்டேன்.

கடைசியில ரெண்டு பசங்களும் வேற வேற ஊருக்குப் படிக்கப் போறாங்க. ரயில் கிளம்புது, முடிஞ்சிடுச்சு. சேருவாங்களா மாட்டாங்களா? சொல்லல. எடுத்தவன் மேல எனக்குக் கோவம் ஆறல.

அந்தப் பசங்களை வழியனுப்ப மனசே வரல. உன் ஆன்டோவை உனக்குத் திருப்பிக் குடுத்தவங்க இல்லையா? பிரான்சுலேர்ந்து போன் பண்ணி, "எனக்குப் பொண்ணு பாக்காதீங்கம்மா, நான் மிஷேல்னு ஒரு பையனோடதான் வாழறேன்"னு அவன் சொன்னப்ப, நீ "சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு வெச்சிட்ட. மறுநாள் எங்க வீட்டுக்கு ஓடி வந்த. நீச்சல்காரன் அம்மாகிட்ட சொல்ற கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, அவ பேசுனதை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணுன. அப்புறம் போன் போட்டு அப்படியே ஒப்பிச்ச: "நீ என் புள்ள. இதைத் தனியா சுமந்தியேன்னுதான் எனக்கு வருத்தம்."

அந்தப் பக்கம் அவன் அழுதான். நீ, "எனக்கு இதுக்கு மேல வசனம் தெரியாதுடா, நீ பேசு"ன்ன. அதுலேர்ந்து அவன் பேச்சை நிறுத்தவே இல்லையே.

இப்ப சேதிக்கு வரேன். கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறையில மெழுகுவத்தி ஏத்த ஆன்டோவும் மிஷேலும் வராங்க. நேத்து உன் வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னார். உன் புள்ள ஞானஸ்நானத்துல என்னைக் கடைசிப் பந்தியில உக்கார வெச்ச அதே மனுஷன்.

"ஆன்டோ வரட்டும்க்கா. அந்தப் பையன் கல்லறைக்கு வேணாம். சனங்க பேசுவாங்க."

"உங்க அண்ணன் குடிச்சுட்டுத் தேருக்கு முன்னால விழுந்தப்ப பேசலையா?"

"அதை இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"நான் எதையும் தூக்கிப் போடறதில்ல, தம்பி."

விறுவிறுன்னு படி இறங்கிப் போயிட்டார். வருவாரா, முகத்தைத் திருப்புவாரா, எனக்குத் தெரியல. உனக்காவது தெரியுமா?

ஆனா நம்ம வழக்கம் எனக்குத் தெரியும். புள்ள மெழுகுவத்தி ஏத்துவான், அதுலேர்ந்து அவனோட வாழ வந்தவங்க தங்களோடதை ஏத்தணும். பெரியவன் கல்யாணமான வருஷம் மருமக கையைப் புடிச்சு ஏத்த வெச்சு, "இப்பதான்டி நீ எங்க வீட்டுப் புள்ள"ன்னு சொன்னது நீதானே?

இந்தத் தடவை ஆன்டோ ஏத்துவான். அவன் மெழுகுவத்தியிலேர்ந்து மிஷேல் ஏத்துவான். உன் தலைமாட்டுல நான் நிப்பேன். அவனை நகரச் சொல்றவங்க முதல்ல என்னை நகத்தட்டும்.

உன்னைத் தூக்கி வளத்த அக்கா,
லூர்து