வெனெட்டா அம்மாளின் மகன் படத்தில் வந்தது குறித்து

அனுப்புநர்:
கிரூம் ஸ்லாவோவ்,
விறகு, மளிகை வியாபாரம்,
சந்தைத் தெரு, டோல்னா வெர்பா,
வடமேற்கு பல்கேரியா.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
சமூக உதவி அலுவலகம், டோல்னா வெர்பா.

பொருள்: திருமதி வெனெட்டா இலீவா அவர்களுக்கு நிறுத்தப்பட்ட குளிர்கால விறகு உதவியைத் திரும்ப வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் கடைக்குப் பின்வீட்டில் தனியாக இருக்கும் வெனெட்டா அக்காவுக்கு இந்த ஆண்டு விறகு உதவி கிடையாது என்று தங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது. மகன் பிளாமென் திரும்பி வந்து அவருடன் வசிப்பதாகக் காரணம் காட்டப்பட்டுள்ளது. பிளாமென் திரும்பவில்லை. ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போனவன். பல குளிர்காலமாக ஒரு போன்கூட இல்லை.

2. அவன் திரும்பி வந்தது சினிமாவில். வறுமையைப் பற்றிச் சின்னதாக ஒரு படம் எடுக்கச் சோஃபியாவிலிருந்து சிலர் வந்தார்கள். அக்காவின் வீட்டில், அக்காவின் சொந்தப் பெயரில், அவரையே நடிக்க வைத்தார்கள். பாதிப் படம் யாரும் பேசுவதில்லை. மகன் வருகிறான், பீன்ஸ் சூப் குடிக்கிறான், விறகு பிளக்கிறான். அந்தப் பையன் நடிகன். போட்டிருந்த கோட்டு மட்டும் பிளாமெனுடையது. அக்காதான் எடுத்துக் கொடுத்தார். விறகு என் கடையது. மறுநாளே வண்டியில் ஏற்றிக் கடைக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

3. ஊர் மன்றத்தில் படம் போட்டபோது தங்கள் அலுவலரும் பார்த்தார். நடித்தவர்கள் பெயர் ஓடும் முன்பே எழுந்து போய்விட்டார். குறை சொல்லவில்லை, அந்த மன்றத்தில் அவ்வளவு குளிர்.

4. எங்கள் பக்கத்துச் சிக்கலையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த வாரம் அலுவலர் வீட்டுக்கே போய், "மகன் வந்துட்டானாமே?" என்று கேட்டிருக்கிறார். அக்கா "வந்தான்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். தெரிந்ததும் நான் சத்தம் போட்டேன்: "யக்கா, அடுப்புல எத வெச்சு எரிப்ப, சினிமாவையா?" அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "கேட்டாங்க கிரூம். இத்தன வருசத்துல அவனப் பத்தி யாரு கேட்டா?" என்றார். அழவில்லை.

5. நான் விறகு வியாபாரி. உதவி கிடைத்தால் என்னிடம்தான் வாங்குவார் என்று தாங்கள் சந்தேகப்படலாம். நானாக இருந்தாலும் சந்தேகப்படுவேன். வேறு கடையில் வாங்கித் தாருங்கள்.

6. பிளாமென் இங்கே இல்லை என்று அண்டை வீட்டார் கையெழுத்திட்ட தாளை இணைத்துள்ளேன். பனி விழுமுன் உதவியைத் திரும்ப வழங்கும்படி வேண்டுகிறேன். மேற்கொண்டு விசாரிப்பதானால் என் கடைக்கு ஆள் அனுப்புங்கள். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அக்காவிடம் மட்டும் மறுபடி கேட்க வேண்டாம். கேட்டால் வந்தான் என்றுதான் சொல்வார்.

இடம்: டோல்னா வெர்பா
நாள்: நவம்பர் 4

எழுதியதற்கு முழுப் பொறுப்பேற்கும்,
(ஒப்பம்) கிரூம் ஸ்லாவோவ்