நமக்கு நடுவிலிருந்த வரப்பு

உன் மோட்டார் கொட்டகையைத் திறக்க இன்று காலை போனபோது அந்த மஞ்சள் ரப்பர் பட்டை கையில் பட்டது. தாழ்ப்பாள் போன கதவை நீ அதைக் கொண்டுதான் இழுத்துக் கட்டி வைத்திருந்தாய். கைக்கும் காலுக்கும் பலம் வரட்டும் என்று, தினமும் வீட்டில் இழுத்துப் பழக, உடற்பயிற்சி வகுப்பு நடத்திய பெண் கொடுத்த பட்டை. நீ கதவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாய். வெயிலில் காய்ந்து வெடித்திருந்த அதை அவிழ்க்க மனம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தபால் ஆபீசில் காலமெல்லாம் ஊரார் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவன் நான். உனக்கு ஒன்றுகூட எழுதியதில்லை. அடுத்த வயல்காரனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து உன் இடது கையும் காலும் தளர்ந்தது ஒரு தை மாதத்தில். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தாய். சிங்கப்பூரிலிருந்து உன் மகன் பேசினான். கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. "வரப்புல ஏறி நடக்கவே முடியாதுங்கிறாங்க. இனிமே எதுக்குப்பா வெள்ளாமை? குத்தகைக்கு விட்டுருங்க" என்றான். நீ சொன்னாய்: "மேட்டூர் தொறந்து தண்ணி வரட்டும். நானா நடந்துபோயி மடையத் தொறந்துட்டா நெலம் என்கிட்ட இருக்கட்டும். இல்லாட்டி நீ சொல்றபடி செஞ்சுக்க."

சொல்லிவிட்டாயே தவிர, கழிவறைக்குப் போகவே உனக்குத் துணை வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்தார் நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களத்தில் உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். சர்க்கரைக்காரர்கள், ரத்தக்கொதிப்புக்காரர்கள், முட்டிவலிக்காரர்கள் என்று பாதி ஊர் அங்கே இருந்தது. சர்க்கரைக்காக நானும் பெயர் கொடுத்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டதற்கு, "நாத்துக் கட்டு தூக்குன ஒடம்புடா இது. பொம்பளைங்களோட வரிசையில நின்னு கையத் தூக்கி எறக்கச் சொல்றியா?" என்று சீறினாய். தங்கச்சிதான், உன் வீட்டுக்காரிதான், ஒரு வார்த்தை சொல்லாமல் உன் வேட்டியை எடுத்து வந்து கட்டிவிட்டு, என் ஸ்கூட்டரில் ஏற்றி உட்காரவைத்தாள்.

பயிற்சி நடத்திய கலைச்செல்விக்கு நம் பிள்ளைகளின் வயதுகூட இராது. ஆனால் களத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். "மாத்திரை போட்டீங்களாப்பா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, பிரஷர் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து எழவே விடுவாள். நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்கவேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிடவேண்டும் என்பாள். உனக்கு அது சிரமமே இல்லை. கால் இழுத்தாலும் வாய் ஓயவில்லை.

சித்திரை பிறந்தபோது தடியை ஊன்றிக்கொண்டு நீயாகவே களத்தைச் சுற்றி வந்தாய். உன்னைத் தோற்கடித்தது அவள் சுண்ணாம்புப் பொடியால் கிழித்த நேர்கோடு. குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் அடிமேல் அடி வைத்து அதன்மேல் நடக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் சரிந்தாய், ஒவ்வொரு முறையும் அவள் பிடித்தாள். ஒருநாள் தடியை வீசிவிட்டாய். "வரப்புல ஓடுனவன்மா நான். கோட்டுல நடந்து எனக்கு என்ன ஆவப்போவுது?"

அவள் தடியைப் பொறுக்கிக் கொடுத்தாள். "அந்த வரப்ப ஒருநாள் எனக்குக் காட்டுங்கப்பா. அதுக்குத் தகுந்த மாதிரி பழகுவோம்."

அவள் வருகிறாள் என்றதும் நீ செய்த காரியத்தை நம் ஊர்க்காரனைத் தவிர எவனும் செய்யமாட்டான். விருந்தாளி வருகிறாள், வரப்பு பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஆள் விட்டு இரண்டு பக்கமும் அண்டை வெட்டி, ஓரத்துப் புல்லைச் சீவச் சொல்லிவிட்டாய். கோடை மழையில் மண் இளகியிருந்தது. மண்வெட்டிக்காரனும் புல்லோடு சேர்த்து மண்ணைச் சீவித் தள்ளி, கத்தியால் நறுக்கியதுபோல் ஆக்கி வைத்துவிட்டான்.

ஏற்கெனவே அது என்ன வரப்பு? நம் பாட்டன்மார் காலத்தில் ஏர்மாடு நடந்த வரப்பு. வருஷா வருஷம் உன் பக்கம் நீ கொஞ்சம், என் பக்கம் நான் கொஞ்சம் என்று எல்லா வயல்காரர்களையும் போலச் சீவிக்கொண்டே வந்தோம். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. கலைச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நாலடி வைத்தாள், உடனே இறங்கிவிட்டாள். "இதுல நானே விழுந்துருவேம்ப்பா. இவ்வளவு ஒடுக்கமா இருந்தா உங்கள விட மாட்டேன்." உன் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். தண்ணீர் வர ஒரு மாதம்கூட இல்லை.

இரண்டு ஆளை விட்டு, என் வயலுக்குள் ஒரு முழம் தள்ளி மண் போட்டு, மிதித்து, வரப்பை அகலமாக்கினேன். கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்து வந்தாய்.

"யாரக் கேட்டு மண்ணு போட்ட?"

"என் நெலத்துல நான் போடுறேன். உன்ன எதுக்குடா கேக்கணும்?"

"எனக்குப் பிச்சை போடுறியா?"

அதன்பிறகு களத்தில் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாய். நானும் என்ன லேசுப்பட்டவனா? பேசவில்லை. அந்த நாட்களை இப்போது திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

தங்கச்சிதான் அதை முடித்துவைத்தாள். எல்லோர் எதிரிலும், களத்தில் வைத்தே கேட்டாள்: "அண்ணன் வரப்ப அகலம் பண்ணுனது ஒங்களுக்கு மட்டுமா? சோத்துக் கூடையத் தலையில வச்சுக்கிட்டு அதுலதான் இத்தினி வருஷமும் வந்தேன். எத்தினி தடவ வழுக்கி விழுந்துருக்கேன், தெரியுமா? ரெண்டு பேருல ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். நானும்தான். மறுநாள் உன் நாற்காலி என் பக்கம் வந்துவிட்டது.

தண்ணீர் வந்த அன்று களத்துக் கூட்டம் முழுக்க நம் வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டது. பெண்கள் பூவும் விதைநெல்லும் தூவினார்கள். கலைச்செல்வி உனக்குப் பிரஷர் பார்த்தாள். என்னிடம், "நீங்க பின்னாடியே போங்க. கைய நீட்டி வச்சுக்குங்க, ஆனா தொடாதீங்க. தொட்டா அவரு ஒங்க மேல சாஞ்சுருவாரு" என்றாள். தடியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு ஏறினாய்.

பேசிக்கொண்டே நடக்கவேண்டும் அல்லவா? மடை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே போனாய். பள்ளிக்கூடத்தில் உன் சிலேட்டை உடைத்ததிலிருந்து ஆரம்பித்தாய். பாதி வழியில் இடது கால் விளிம்பில் பட்டு மண் உதிர்ந்தது. உன் பேச்சு நின்றது. என் கை உன் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, தொடவில்லை. காலை மெல்ல உள்ளே இழுத்து வைத்தாய். "செலேட்டுக்கு இன்னும் பதில் சொல்லலடா நீ" என்று மறுபடி தொடங்கினாய். என் வாழ்நாளில் அதைவிட இனிமையான திட்டு நான் வாங்கியதில்லை.

மடையை அடைத்திருந்த மண்ணை உட்கார்ந்து வலது கையாலேயே அள்ளிப் போட்டாய். தண்ணீர் உள்ளே போனது. நீ அழுதாய். நான் என் வயலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். "பயலுக்குப் போனப் போடு" என்றாய். போட்டேன். உன்னால் பேச முடியவில்லை. அவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். "சரிப்பா, சரிப்பா" என்றான்.

குறுவை அறுத்தாய். அடுத்த நாற்று விடும் சமயத்தில் பக்கவாதம் மறுபடி வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிவரைகூடக் கொண்டுபோக விடவில்லை. "அத்தனை பயிற்சி பண்ணி என்ன பிரயோசனம்?" என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் கேட்டார். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அந்தக் குறுவை நீ விளைவித்தது, நீயாக நடந்து போய் விளைவித்தது. அவருக்கு அது எப்படிப் புரியும்?

காரியம் முடிந்ததும் உன் மகன் குத்தகைப் பேச்சை எடுத்தான். தங்கச்சி, "நெலம் இருக்கட்டும்யா. நான் பாத்துக்குறேன்" என்றாள். அவ்வளவுதான். இப்போது முட்டிவலிக்குக் களத்துக்கு வருகிறாள். கலைச்செல்வி அவளையும் கோட்டில் நடக்கவிடுகிறாள். உன்னைவிட நேராக நடக்கிறாள்.

கொட்டகையைத் திறக்கப் போனதுகூட அவள் வயலுக்குத் தண்ணீர் இறைத்து உழவு பார்க்கத்தான். மண்வெட்டியோடு வந்த ஆள் என்னிடம் தனியாகச் சொன்னான்: "பெரியவருதான் இல்லியே. இந்த வரப்பப் பழையபடி வெட்டிவுட்டுர்றேங்க. ஒரு மொழம் ஒங்களுக்குத் திரும்பிரும்."

வேண்டாம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். இந்த வருஷமும் என் வயலில் அந்த ஒரு முழத்தில் நெல் விளையாது. தங்கச்சி கூடையோடு அதில் நடந்து வருவாள். நீ போனபின் எனக்கென்று இருப்பது அந்த ஒரு முழம்தான், அதை நான் சீவ விடமாட்டேன்.