அப்பா தட்டிய சுவர்

இராஜபாளையம்

அன்புள்ள மகன் மெர்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறேன், மஸ்கட்டில் நீயும் செலினாவும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் மாத்திரை போட்டியா, தூங்கினியா என்று நீ நர்ஸ் வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவாய். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் தெருப் பெண் இந்துவிடம் முறுக்கோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வருவதற்குள் வெள்ளையடிக்க ஐயாதுரை மாமாவே போதும் என்றேன். மாமா அடித்தால் சுவரைவிட அவர் வேட்டிக்குத்தான் அதிகம் பெயிண்ட் என்று சிரித்தாயே, சரி என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொழில் தெரிந்த பெயிண்டரையே பிடித்தேன். ஷாநவாஸ் என்று பெயர், பேச்சு குறைவு. பைக்கை விட்டு இறங்கியதும் சுவருக்குப் பட்டி பூசும் தகட்டைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனான். பூச்சு எங்கே உள்ளுக்குள் செங்கலை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரியுமாம். எனக்கு அது என்ன தெரியும், அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா படுத்துக் கிடந்த ரூமிலிருந்து டொக் டொக் என்று கேட்டது. ஏலே, நான் என்ன செய்தேன் தெரியுமா, இந்தா வாரேன், செத்த நேரம் பொறுக்க மாட்டியளா என்று சத்தம் போட்டுக்கொண்டே, அடுப்பில் இருந்த கருப்பட்டிக் காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே அப்பாவும் இல்லை, கட்டிலும் இல்லை. ஷாநவாஸ்தான் நின்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக் குடித்தான்.

வாதம் வந்து பேச்சு போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டதெல்லாம் அந்தச் சுவரைத் தட்டித்தானே. உன்னிடம் சொல்லாதது என்னவென்றால், அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகும் மத்தியானங்களில் அந்தத் தட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டதும் எழுந்து போய்க் கட்டில் கிடந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவேன். சபையில் சொன்னால் பிசாசு விரட்ட ஆள் கூட்டி வந்துவிடுவார்கள், உன்னிடம் சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவாய். யாரோ எவரோ, ஷாநவாஸிடம் சொல்லிவிட்டேன். படுத்தபடியே உன் அப்பா கை எட்டிய உயரத்தில் அவன் தட்டிக் காட்டினான். மற்ற இடமெல்லாம் கெட்டி, அங்கே மட்டும் காலிப் பானை மாதிரி ஒலித்தது. தட்டித் தட்டிப் பூச்சு விட்டிருக்கும்மா, வெயில் ஏறுனா அது தானாவே டொக்குன்னு சொல்லும், உடைச்சுப் புதுசாப் பூசிட்டா பொறவு சத்தம் வராது என்றான். மத்ததை அடிங்க தம்பி, அந்தச் சுவரை விட்டுருங்க என்றேன். விடலாம்மா, ஆனா மழையில பொத்துன்னு விழுந்துரும், கீழ யாரும் படுக்கக் கூடாது என்றான். பாப்பாவுக்குத் தொட்டில் கட்ட வேண்டிய கொக்கி அங்கேதானே இருக்கிறது.

மறுநாள் உடைச்சிருங்க என்று சொன்னேன். அவன் உளியை வைக்குமுன் பொறுக்கச் சொல்லி, நானே அந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் தட்ட நான் ஓடியதுதானே தவிர, பதிலுக்கு நான் ஒருநாளும் தட்டியதில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஷாநவாஸ் வெளியே போய் நின்றுகொண்டான்.

இப்போது பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, செலினா கேட்ட இளம்பச்சையும் ஏறிவிட்டது. வீடு பளிச்சென்று இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் பெயிண்டர் யாரு என்று கேட்கிறார்கள். மத்தியானம் காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. தனியா இருக்கப் பயமா இல்லையாம்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் இல்லை என்றேனே, அது மெய்தான். அந்தச் சத்தம் கேட்டவரைக்கும் எனக்குப் பயமே இல்லை. இப்போதுதான் இருக்கிறது.

செலினாவை வெறும் வயிற்றில் வேலைக்குப் போக விடாதே. மார்கழிப் பனிக்குப் பாப்பாவுக்குக் குல்லாய் எடுத்து வையுங்கள். நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர ஆண்டவர் வழித்துணையாக இருப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு அப்பா ரூமுக்குப் போய் அந்தச் சுவரை இரண்டு தட்டுத் தட்டு. நான் அடுக்களையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
பரிபூரணம் பால்துரை