கூரையில ஏறாதடா வீரையா

ஹந்தானை
20.01.2025

அடேய் வீரையா,

கர்த்தர் கிருபையில நானும் கெழவி பாலம்மாவும் சொகம். போன்ல பேசுனா நீ அழுவுற, அதான் காயிதம்.

நேத்து நாங்க கோயிலுக்குப் போன நேரம் பாத்து, கம்பளையிலருந்து பஸ் ஏறி வந்து எங்க கூரைக்குத் தார் பூசிட்டு ஓடியிருக்க. எழுவத்திரெண்டு வயசுல தகரத்துல ஏறி விழுந்து தொலைஞ்சா, பொணத்தையும் நான்தான் தூக்கணுமா? போன மாசம் தண்ணி ஓட கான் வெட்டுன. அதுக்கு முந்தி வேலி. பக்கத்து லயத்து வீட்டு ஆளுங்க உன்ன நான் சம்பளத்துக்கு வச்சிருக்கேன்னு நெனைக்கிறாங்க.

தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுவையில நான் கள்ளம் பண்ணுனேன்னு துரைகிட்ட பொய் சொல்லி, என் வேலையப் போக்கி, நீ கங்காணியானது இருவத்தெட்டு வருசத்துக்கு முந்தி. அந்த வேலையாவது நெலச்சுதா? ஏழே வருசத்துல தோட்டத்த மூடிட்டான். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நீ இன்னும் கோயில்ல ராப்போசன அப்பம் எடுக்காம கடைசி வாங்குல குந்தியிருக்கியாமே! நம்ம ஒழைப்பு துரைக்கே பத்தல, கர்த்தருக்குப் பத்துமாடா?

பெப்ரவரி ஒன்பது எங்க கோயில்ல ராப்போசனம். ஏணி இல்லாம வா.

வேல போன
மாசிலாமணி

கம்பளை
25.01.2025

அன்பான மாசிலா,

மூலையில ஒரு ஓட்டை பாக்கி. அத அடச்சிட்டு அப்பம் எடுக்கிறேன். கொஞ்சமாவது தகுதி வேணுமில்ல?

வீரையா

ஹந்தானை
29.01.2025

கங்காணியாருக்கு,

ஓட்டைக்குக் கீழ பேசன் வச்சாச்சு. அடைக்க வராத.

தகுதி பாத்துக் குடுக்கிறதுன்னா, பாஸ்டர் அப்பத்த முழுசா வீட்டுக்குத்தான் கொண்டு போகணும். பொய் சொல்ல ஒரு நிமிசம் போதுச்சு, மன்னிப்ப வாங்க இருவத்தெட்டு வருசமா?

இப்படிக்கு
நிறுவையில கள்ளம் பண்ணுன மாசிலாமணி

கம்பளை
02.02.2025

மாசிலா,

கோவிக்காத. மன்னிச்சிட்டேன்னு சொல்ற. ஆனா காயிதத்துக்குக் காயிதம் அதையே சொல்லிக் காட்டுற. கையெழுத்துல கூட விடல. கல்யாண வீட்டுலயும் சாவு வீட்டுலயும் நீ சொல்லுவ, எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். அப்புறம் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கு வருவேன். ஒருநாளாவது நீ அத விட்டுருவியான்னு பாத்தேன். இனி முடியல. ஒன்பதாந்தேதி வரமாட்டேன்.

வீரையா

ஹந்தானை
05.02.2025

வீரையா,

உன் காயிதத்த பாலம்மாவுக்கு வாசிச்சேன், உன்னத் திட்டுவான்னு. "அவரு சொல்றது சரிதானே"ன்னுட்டு தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா.

ஒரு நாள் முழுக்க கோவம். அப்புறம் வெக்கம். நீ கங்காணி வேலைய புடிச்சிக்கிட்டிருந்த மாதிரி, நான் நல்லவங்கிற பேர புடிச்சிக்கிட்டிருந்திருக்கேன். உன்னக் குத்துனாத்தான் அது நிக்கும். மன்னிப்பு வாயிலதான் இருந்துச்சு, உள்ள எறங்கல.

நீ என்ன மன்னிச்சுக்க. பதிலுக்கு உன் வீட்டுல வந்து கான் வெட்டமாட்டேன், முதுகு வளையாது. சும்மாதான் கேக்குறேன். நமக்கு கர்த்தர் குடுக்கிறதும் சும்மாதான்.

ஞாயித்துக்கிழமை வாடா.

மாசிலாமணி

கம்பளை
10.02.2025

மாசிலா,

வீடு வந்து சேந்துட்டேன்.

பக்கத்துல முழங்கால் போட்டப்போ நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பியோன்னு பயந்துக்கிட்டே கைய நீட்டுனேன். நீ வாயே தொறக்கல. அப்பம் தொண்டையில எறங்குனப்புறம் திரும்பிப் பாத்தா, உன் கண்ணும் மூக்கும் ஒழுகுது. தொடைக்க லேஞ்சி குடுக்கலாம்னு என் கை சட்டைப்பைக்குள்ள போச்சு. உனக்கு இனி ஒரு வேலையும் செய்யறதில்லன்னு, வெறுங்கைய வெளிய எடுத்துட்டேன்.

வீரையா