கழித்தல் ஒன்று

ஆடி, செவ்வாய் இரவு.

பதினோரு நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். பழுக்கக் காய்ந்த இரும்பு எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்கிற கணக்கு. கும்மிடிப்பூண்டி உருக்காலையில் முப்பது வருடம் உலை முன்னால் நின்று, நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொன்னவன் நான். அது எப்படி என்று அறியத்தான் ஓய்வுக்குப் பிறகு இயற்பியல் படிக்கிறேன். ஆனால் என் விடை புத்தகத்து விடையைவிடக் குறைந்தே வந்தது. இந்த வயதில் மூளை இவ்வளவுதான் என்று இன்று மாலை புத்தகத்தை மூடப்போனேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி மேரி அதை வாங்கி, நான் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஐந்தாவதோடு நின்றவள்.

"இதுல கடைசியா ஒரு சின்ன கோடும் ஒண்ணும் கீது. நீ போடலியே?"

சூத்திரத்தின் கடைசியில் கழித்தல் ஒன்று. தாளில் பட்ட அழுக்கு என்று விட்டிருந்தேன். சேர்த்துப் போட்டதும் விடை அப்படியே வந்தது.

அவள் சிரிக்கவில்லை. "கண்ணுல புரை, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு. நீதான் தள்ளிப்போட்டுக்கினே கீறே."

"கட்டு போட்டா படிக்க முடியாதே."

"நான் பாத்து சொல்றேன். நீ கண்ண மூடிக்கினு கணக்கு போடு."

திங்கட்கிழமை போக ஒப்புக்கொண்டேன்.

படுக்கும்போது கேட்டாள்: "அந்த ஒண்ண எதுக்கு கழிக்கிறாங்க?"

எனக்கும் தெரியவில்லை. அவள் தூங்கிவிட்டாள். கொசுவலை காற்றில் மெல்ல உப்பி அடங்குகிறது. எதற்குக் கழிக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பே மிதப்பதுபோல் இருக்கிறது. தூக்கத்தில் கண் சொருக, டைரியில் எழுத்து மங்குகிறது. ஏனோ…