இடது காது

மார்ச் 3

சினம் பற்றிய நூலுக்காக எசமான் கால்வென்டியஸ் இன்று ஒரு பாரசீக அரசனின் கதையைச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆளைக் கொல்லச் சொல்லுமுன் அவன் இடது காதைச் சொறிவானாம். என் கை நின்றுவிட்டது. அந்தப் பழக்கம் நம் பேரரசருடையது. ரோமில் மீன் விற்பவளுக்கும் தெரியும்.

“என்னடா நிறுத்திட்ட? அந்த ராஜா செத்து ஐநூறு வருஷமாச்சு. எழுந்து வரவா போறான்?”

எழுதினேன்.

மார்ச் 8

விருந்தினர் இருபது பேருக்கு எசமான் வாசித்துக் காட்டினார். காது வந்த இடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவருடைய மைத்துனர் மட்டும் போதையில் சிரித்துத் தொலைத்தார். கதை யாரைச் சொல்கிறது என்று காட்ட அந்தச் சிரிப்பே போதும்.

மார்ச் 9

மை காய்ச்சினேன். வேறெதுவும் ஓடவில்லை.

மார்ச் 11

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். எசமான்மேல் ராஜத்துரோக வழக்கு.

சமையல்காரி நைசே சொன்னாள்: “மொதல்ல உன்னத்தான் இழுத்துட்டுப் போவாங்க. அடிமை தானா சொன்னா சாட்சி இல்ல. வதைச்சு வாங்குனாத்தான் சாட்சி.”

எழுதவைத்தவர் அவர். முதுகு என்னுடையது. ‘உள்ளத்தில் எவனும் அடிமையில்லை’ — போன மாதம் அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

மார்ச் 12

நீதிபதி முன் நிறுத்தி, கோலால் தொட்டு, என்னை விடுவித்துவிட்டார்கள். தலையில் விடுதலைத் தொப்பி.

“ரொம்ப நாளா நெனச்சதுதான்டா” என்றார் எசமான். ஒன்பது வருடம் தோன்றாதது. சுதந்திர மனிதனை வதைக்க முடியாது — அவ்வளவுதான்.

நைசே தொப்பியைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு மது ஊத்திக்கிட்டு நானும் அங்கதான நின்னேன்?”

அவர் மறந்தார், சரி. நான் எப்படி மறந்தேன்?

மார்ச் 13

“நைசேயையும் விடுங்கய்யா.”

“சட்டி கழுவுறவளுக்குத் தத்துவம் என்னடா புரிஞ்சிருக்கும்?”

“ஒரு கதை சொல்லட்டுமாய்யா? ஏதென்ஸ்ல ஒரு ஞானி இருந்தாராம். வழக்கு வந்ததும் எழுதுறவன விடுவிச்சாராம், சமையல்காரிய மறந்துட்டாராம். எழுதுறவன் இப்ப சுதந்திர ஆளு. அடி வாங்காமலே அவன் சாட்சி செல்லுமாம்.”

“அப்புறம்?”

“அவங்க செத்து ஐநூறு வருஷமாச்சுய்யா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.”

எசமான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை இடது காதுப் பக்கம் போனது. சொறியவில்லை.

மார்ச் 14

விசாரணை ஆட்கள் இன்னும் வரவில்லை. காலையில் நைசே என் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எசமானோடு நீதிபதியிடம் போனாள். அவள் தலைக்கு அது கொஞ்சம் பெரிது.